பன்னிரண்டு தோட்டத்துக் கணக்கு: பெரிய தரவு அமைப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தோட்டக் குழுமத்தின் ஆபீசில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பொறுப்பில் 12 செம்பனைத் தோட்டங்கள், 2 ஆலைகள், மொத்தம் ஏறக்குறைய 30,000 எக்டர். பழக்குலைக் கணக்கு, லோரி எடைச் சீட்டு, லோரிகளின் ஜிபிஎஸ் தடம், ஆலை இயந்திரங்களில் பொருத்திய சென்சார் அளவுகள், இப்போது புதிதாக டிரோன் படங்கள் என்று எல்லாம் மைஎஸ்கியூஎல் என்ற ஒரே டேட்டாபேஸ் சர்வரில் போய் விழுகின்றன. மாதக் கடைசி அறிக்கைக்கு 40 நிமிடம் ஆகிறது. சில தடவை பாதியில் நின்றும் விடுகிறது. "மேலிடத்தில் ஹடூப், காஃப்கா எல்லாம் போட்டுப் பெரிய அமைப்பாகக் கட்டச் சொல்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது அக்கா?" என்பது கேள்வி. (ஹடூப், காஃப்கா இரண்டும் பெரிய அளவுத் தரவைப் பல கணினிகளில் பிரித்துக் கையாளும் மென்பொருள்கள்.)

தம்பி, நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். எனக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயர்தான் வாயில் வருகிறது. அப்பா மண்டோர், அதாவது தோட்ட ஆட்களை மேற்பார்க்கிறவர். நான் கோலாலம்பூரில் இருபது வருடத்துக்கு மேல் தரவு அமைப்புகளில் வேலை பார்த்தேன். இந்த நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917-இல், நம் ஊர்ப் பக்கம் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். நூறு வருடத்துக்கு மேலாக அந்த மண்ணில் குலை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த எண்ணும் முறையிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். எந்த மென்பொருளின் பெயரையும் பேசுவதற்கு முன்னால் அளவு என்ன என்று கணக்குப் போட வேண்டும்.

எக்டருக்கு வருடம் 18 டன் பழம் என்று வைத்துக்கொள்வோம். 30,000 எக்டருக்கு 540,000 டன். ஒரு குலை சராசரி 20 கிலோ என்றால் 27 மில்லியன் குலை. மண்டோர் குலைக்கு ஒரு வரி எழுதுவதில்லை. ஆளுக்கும், வெட்டிய குலைகளைக் குவிக்கும் மேடைக்கும் சேர்த்து ஒரு வரிதான் எழுதுகிறார். இருந்தாலும் அதிகபட்சமாகக் குலைக்கு ஒரு வரி, வரிக்கு 100 பைட் என்றே போடுவோம். வருடத்துக்கு 2.7 ஜிகாபைட். ஒரு சாதாரண கைப்பேசிக்குள் அடங்கிவிடும்.

100 லோரி, 10 விநாடிக்கு ஒரு தடவை இடம் சொல்கிறது என்றால் நாளைக்கு 864,000 வரி. வரிக்கு 50 பைட் என்றால் வருடத்துக்கு 16 ஜிகாபைட் கூட வராது. சென்சார் கொஞ்சம் கனம். இரண்டு ஆலையிலும் சேர்த்து 500 சென்சார், விநாடிக்கு ஒரு அளவு என்றால் ஒரு நாளில் 43.2 மில்லியன் அளவுகள். நேரத்துக்கு 8 பைட், மதிப்புக்கு 8 பைட், ஆக 16 பைட். நாளைக்கு 691 மெகாபைட், வருடத்துக்கு 252 ஜிகாபைட். ஆனால் கொதிகலனின் வெப்பம் ஒரு விநாடிக்கும் அடுத்த விநாடிக்கும் இடையில் பெரிதாக மாறுவதில்லை. மாறியதை மட்டும் எழுதினால் போதும். ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட கொரில்லா என்ற அமைப்பு இந்த வழியில்தான் 16 பைட்டைச் சராசரியாக 1.37 பைட்டாகச் சுருக்கியது. அவர்களுக்குக் கிடைத்த அந்த விகிதம் உங்களுக்கும் கிடைத்தால் 252 ஜிகாபைட் 22-க்கு இறங்கும்.

கடைசியாக டிரோன் படம். ஒரு புள்ளி தரையில் 5 சென்டிமீட்டர் என்றால் ஒரு எக்டருக்கு 4 மில்லியன் புள்ளி, புள்ளிக்கு 3 பைட், 12 மெகாபைட். 30,000 எக்டரை ஒரு தடவை முழுக்கப் படம் பிடித்து ஒட்டினால் சுருக்காமல் 360 ஜிகாபைட். மாதம் ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 4.3 டெராபைட். ஒன்றன்மேல் ஒன்று படிந்து எடுத்த மூலப் படங்களையும் வைத்துக்கொண்டால் இதைப்போல் பல மடங்கு.

இப்போது பாருங்கள். "பெரிய அமைப்பாகக் கட்டச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். உண்மையில் பெரியது படம் மட்டும்தான். மற்றதெல்லாம் ஒரே நல்ல சர்வரில் அடங்கும், பத்து வருடத்துக்கும் அடங்கும். ஹடூப் தேவையில்லை. இதை உங்கள் மேலாளரிடம் இந்தத் தாளோடு போய்ச் சொல்லுங்கள்.

படங்களை இன்றைக்கே டேட்டாபேஸை விட்டு வெளியே எடுங்கள். அமேசான் 2006-இல் எஸ்3 சேவையைத் தொடங்கியதிலிருந்து இந்த மாதிரிப் பெரிய கோப்புகளுக்கு என்றே தனிச் சேமிப்பு முறை வழக்கத்துக்கு வந்துவிட்டது. அதே மாதிரியானதை உங்கள் சொந்தக் கணினிகளிலும் வைத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸில் படத்தின் முகவரி, தேதி, பிளாக் (தோட்டத்தின் நிலப் பிரிவு) எண் இருந்தால் போதும். இப்போது ஒவ்வொரு இரவும் காப்புப் படி எடுக்கும்போது அந்த டெராபைட் எல்லாம் சேர்ந்து இழுபடுகிறது.

சரி, அளவு இவ்வளவு சின்னது என்றால் 40 நிமிடம் ஏன்?

டிஸ்க் எப்படி வேலை செய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் விநாடிக்கு 150 மெகாபைட் தரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடச் சொன்னால் ஒரு தேடலுக்கு ஏறக்குறைய 10 மில்லிவிநாடி, விநாடிக்கு 100 தேடல்தான். எஸ்எஸ்டி இதைவிட நூறு மடங்கு வேகம், மெமரி இன்னும் பல மடங்கு. ஆனால் எதிலும் வரிசையாகப் படிப்பது தாவித் தாவிப் படிப்பதைவிட எளிது. பால்மரம் (ரப்பர்) வெட்டுகிறவர் நிரை பிடித்து மரத்துக்கு மரம் போவார். தோட்டத்தின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி மரம் கொடுத்தால் விடிந்துவிடும், பால் சேராது.

உங்களிடம் இரண்டு விதமான கேள்விகள் கலந்து கிடக்கின்றன. "இந்தச் சீட்டில் எடை என்ன?" என்பது ஒரு வரியைத் தேடுவது. இதற்கு இன்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி ஒன்று வேண்டும். பேயர், மெக்ரைட் இருவரும் 1970 வாக்கில் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாக்கிய பி-மரம் என்ற இன்டெக்ஸ் அமைப்புதான் இன்றும் பெரும்பாலான டேட்டாபேஸ்களுக்கு அடிப்படை. ஒரு பக்கத்துக்கு 200 சாவி (தேட உதவும் மதிப்பு) என்றால் நான்கே படியில் 1,600 மில்லியன் வரிகளுக்குள் ஒன்றைப் பிடித்துவிடலாம். இன்டெக்ஸ் இல்லாவிட்டால் 2.7 ஜிகாபைட்டையும் படிக்க வேண்டும், 18 விநாடி.

"போன வருடம் எல்லாத் தோட்டத்திலும் சேர்த்துச் சராசரிக் குலை எடை என்ன?" என்பது வேறு வகை. எல்லா வரியையும் தொட வேண்டும், ஆனால் ஒவ்வொரு வரியிலும் எடை என்ற ஒரே கட்டம்தான் தேவை. வரிவரியாகச் சேமித்திருந்தால் பெயர், மேடை, லோரி எண் எல்லாவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. பத்தி பத்தியாகச் சேமித்தால் எடைப் பத்தியை மட்டும் படிக்கலாம்: 27 மில்லியன், தலா 4 பைட், 108 மெகாபைட், ஒரு விநாடிக்குள். பார்க்கே என்ற கோப்பு வடிவம், கிளிக்ஹவுஸ், டக்டிபி என்ற டேட்டாபேஸ்கள் எல்லாம் இந்த வகை. அதனால் அன்றாட எழுத்து வேலைக்கு வரிவரியான டேட்டாபேஸ், அறிக்கைக்குப் பத்தி வடிவில் ஒரு நகல் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். நகலை ஒவ்வொரு இரவும் புதுப்பித்தால் போதும். மாத அறிக்கை விநாடிக் கணக்கில் வந்துவிடும். பகலில் சீட்டு எழுதுகிறவர்களையும் அது தடுக்காது.

வேகப் பிரச்சினை இவ்வளவுதான். இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் உங்கள் அமைப்பில் விழும் ஒவ்வொரு வரியும் ஒருவர் வெயிலில் கொக்கி பிடித்து வெட்டிய குலை. அந்த வரி காணாமல் போனால் கூலி காணாமல் போகிறது.

செம்பனைக் காட்டுக்குள் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. மண்டோர் கையில் இருக்கும் கருவியில் குலைச் சீட்டைப் பதிகிறார். சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பியபின் அது சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் எழுதிக்கொண்டு "வந்துவிட்டது" என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் போய்ச் சேரும் முன் இணைப்பு அறுந்துவிட்டால்? கருவிக்கு என்ன தெரியும்? போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். இப்போது ஒரே சீட்டு இரண்டு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இது நடந்தது. ஒரு மழை மாதத்தில் சில நூறு சீட்டுகள் இரட்டையாக விழுந்தன. கூலி அதிகமாகப் போனது. யாரும் உடனே கவனிக்கவில்லை. அடுத்த மாதம் தணிக்கையில் பிடிபட்டதும், அதிகமாகப் போன பணத்தை ஒரே அடியாகக் கழித்துவிட்டார்கள். சம்பளச் சீட்டில் காரணம் எழுதவில்லை. வெட்டுகிறவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், போன மாதப் பணத்தை ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். எனக்கு அந்த மாதம் மறக்காது. தப்பு முழுக்க எங்கள் வடிவமைப்பில் இருந்தது, அதைச் சுமந்தவர்கள் அவர்கள்.

இதைத் தடுப்பது கடினமில்லை. சீட்டு எண்ணை சர்வர் கொடுக்கக் கூடாது. சீட்டு பிறக்கும் இடத்திலேயே கருவி தன் அடையாளத்தையும் ஒரு தொடர் எண்ணையும் சேர்த்து எண் கொடுக்க வேண்டும். டேட்டாபேஸில் அந்த எண் ஒரு தடவைக்கு மேல் வரக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிடுங்கள். இரண்டாவது தடவை வந்தால் எழுதாமல், "வந்துவிட்டது" என்ற அதே பதிலைத் திரும்பச் சொல்ல வேண்டும். பிழை என்று சொல்லக் கூடாது, சொன்னால் கருவி விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். எத்தனை தடவை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான் என்ற இந்தக் குணம் இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். தொடர் எண்ணில் இன்னொரு நன்மையும் உண்டு. 41-க்கு அப்புறம் 43 வந்தால் 42 எங்கோ நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் நேரம். ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு நேரம் உண்டு: பழம் எண்ணிய நேரம், சர்வருக்கு வந்த நேரம். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். 31-ஆம் தேதி வெட்டிய பழத்தின் சீட்டு கருவி பழுதானதால் 4-ஆம் தேதி வந்தால் அது எந்த மாதக் கணக்கு? வெட்டியவருக்கு அது 31-ஆம் தேதி உழைப்பு. ஆனால் சம்பளக் கணக்கை என்றாவது ஒரு நாள் மூடியே ஆக வேண்டும். பெரிய நிறுவனங்களின் தொடர் தரவு அமைப்புகளிலும் இதே கேள்விதான். கூகுள் 2015-இல் வெளியிட்ட டேட்டாஃப்ளோ ஆய்வுக் கட்டுரை முழுக்க இதைப் பற்றியதே: எவ்வளவு நேரம் காத்திருப்பது, தாமதமாக வந்ததை என்ன செய்வது. உங்களுக்கு நான் சொல்வது, 3-ஆம் தேதி மூடுங்கள், பிறகு வருவதை அடுத்த மாதச் சம்பளத்தில் "போன மாதத்துப் பாக்கி" என்று தனி வரியாகக் காட்டுங்கள். விளைச்சல் அறிக்கையில் மட்டும் அது வெட்டிய நாளிலேயே சேரட்டும்.

நேரத்தை எப்போதும் உலகப் பொது நேரத்தில் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் மலேசிய நேரமாக மாற்றுங்கள். நம் நேரம் மாறாதே என்று நினைக்கலாம். 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் நாம் பொது நேரத்திலிருந்து ஏழரை மணி தள்ளி இருந்தோம். பழைய ஆவணங்களை உள்ளே ஏற்றினால் இது கண்டிப்பாக இடறும். இன்னொன்று, பழம் அதிகமாக வரும் மாதங்களில் ஆலை நள்ளிரவு தாண்டியும் ஓடும். ஆலையின் "ஒரு நாள்" எப்போது தொடங்குகிறது என்பதை ஆலைக்காரர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், நீங்களாக 12 மணி என்று முடிவு செய்யாதீர்கள்.

கருவிகளின் கடிகாரத்தையும் முழுக்க நம்ப முடியாது. கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே கடிகாரத்தை நம்பாமல் எது முன், எது பின் என்று வரிசைப்படுத்த வழி எழுதிவிட்டார். மேலே சொன்ன தொடர் எண், ஒரு கருவிக்குள் அந்த வேலையைத்தான் செய்கிறது.

திருத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். என் சின்ன வயதில் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியார் (தலைமை எழுத்தர்) செக்ரோல் என்ற வருகை, கூலிப் புத்தகம் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தப்பாக எழுதிவிட்டால் அழிக்க மாட்டார். ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்துப் போடுவார். கோட்டுக்குக் கீழே பழைய எண் படிக்கிற மாதிரியே இருக்கும். உங்கள் அமைப்பிலும் 18 என்பதை 13 ஆக மாற்றினால் பழைய 18 மறைந்து போகக் கூடாது. "இந்தச் சீட்டில் 5 குறைக்கப்பட்டது, யாரால், எப்போது, ஏன்" என்று ஒரு புது வரி சேர வேண்டும். கூட்டினால் 13 வரும். யாராவது கேள்வி கேட்டால் கதை முழுக்க இருக்கும். காஃப்காவின் உள்ளே இருப்பதும் இதுதான். கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும், நடுவில் யாரும் திருத்த முடியாத ஒரு பதிவேடு. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் திறந்த மூல மென்பொருளாக வந்தது. உங்களுக்குக் காஃப்கா வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பதிவேடு வேண்டும். ஒரு சாதாரண அட்டவணையில் புது வரி சேர்க்க மட்டும் அனுமதி கொடுத்து, திருத்தவும் அழிக்கவும் அனுமதியை எடுத்துவிட்டால் போதும். அறிக்கைக்கான அட்டவணைகளை இந்தப் பதிவேட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கலாம். அறிக்கைக் கணக்கில் பிழை கண்டுபிடித்த நாளில் இதன் அருமை தெரியும்.

ஒரு நாள் உங்கள் குழுமம் பத்து மடங்கு பெரிதானால், அல்லது டிரோன் படங்களில் ஒவ்வொரு மரத்தையும் கணினியே அடையாளம் காண வேண்டும் என்று வந்தால் (எக்டருக்கு 136 மரம் என்றாலும் 4 மில்லியனுக்கு மேல் மரம் உங்களிடம் இருக்கிறது) அப்போது ஒரு கணினி போதாமல் போகலாம். ஒரு டெராபைட்டை ஒரே டிஸ்கிலிருந்து விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்தால் ஒரு மணி 51 நிமிடம். 100 டிஸ்கில் பிரித்து வைத்து ஒரே நேரத்தில் படித்தால் 67 விநாடி. பல கணினி அமைப்புகளின் அடிப்படைக் காரணம் இந்த வகுத்தல் கணக்குதான். கூகுள் 2003-இல் தன் கோப்பு அமைப்பைப் பற்றி எழுதியது. கோப்புகளை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்று கணினிகளில் வைத்தார்கள். 2004-இல் ஜெஃப் டீனும் சஞ்சய் கேமாவத்தும் மேப்ரிடியூஸ் முறையை வெளியிட்டார்கள். அவற்றைப் பார்த்து உருவானதுதான் ஹடூப்.

மேப்ரிடியூஸின் கருத்து, தரவைக் கணக்குப் போடும் இடத்துக்குத் தூக்கி வராதே, கணக்கைத் தரவு இருக்கும் இடத்துக்கு அனுப்பு என்பது. தோட்டத்தில் குலைகளை ஆபீசுக்குத் தூக்கி வந்தா எண்ணுகிறோம்? மண்டோர் மேடையிலேயே எண்ணி, எண்ணை மட்டும் கொண்டு வருகிறார். கிராணியார் கூட்டுகிறார்.

ஆனால் எதைக் கொண்டு வருவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதில் தவறாத குழுவை நான் பார்த்ததில்லை. ஒரு தோட்டத்தில் 1,000 குலை, சராசரி 25 கிலோ. இன்னொன்றில் 100 குலை, சராசரி 15 கிலோ. இரண்டு சராசரியையும் கொண்டு வந்து மறுபடி சராசரி எடுத்தால் 20 வரும். உண்மையில் 26,500 கிலோவை 1,100 குலையால் வகுக்க வேண்டும், 24.09. அதனால் தோட்டங்கள் அனுப்ப வேண்டியது சராசரி இல்லை, மொத்த எடையும் எண்ணிக்கையும். இவற்றை எந்த வரிசையில் கூட்டினாலும் சரியாக வரும். "இந்த மாதம் எத்தனை பேர் வேலை செய்தார்கள்?" என்பதைக் கூட்டவே முடியாது, ஏனென்றால் இரண்டு தோட்டத்தில் வேலை செய்தவர் இரண்டு தடவை எண்ணப்படுவார். ஆள் எண்களின் பட்டியலையே அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் பட்டியலே போதும். நூறு கோடிக் கணக்கில் வந்தால் 2007-இல் ஃபிளாஜோலே குழுவினர் எழுதிய ஹைப்பர்லாக்லாக் முறை உண்டு. ஒன்றரை கிலோபைட்டில், 2 விழுக்காடு அளவு பிழையோடு, எத்தனை வெவ்வேறு பேர் என்று சொல்லிவிடும். அறிக்கைக்கு அது சரி. சம்பளத்துக்குத் தோராயம் ஒருபோதும் கூடாது.

கணினிகள் கூடினால் பழுதும் கூடும். ஒரு கணினி மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பழுதாகிறது என்றால், 1,000 கணினி வைத்திருப்பவருக்குத் தினம் ஏறக்குறைய ஒன்று போகும். அங்கே பழுது என்பது அன்றாட வேலை. உங்களிடம் இரண்டு மூன்று கணினி இருக்கும்வரை அந்தச் சிக்கலான பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு சர்வர், அதன் நகலாக இன்னொன்று, வேறு ஊரில் ஒரு காப்புப் படி. வேறு ஊர் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2021 டிசம்பர் வெள்ளம். சிலாங்கூரில் தண்ணீர் ஏறிய வேகம் நினைவிருக்கும். சர்வரும் காப்புப் படியும் ஒரே ஆபீசின் கீழ்த்தளத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 2000-இல் கணினி அறிஞர் எரிக் புரூவர் முன்வைத்து, 2002-இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிரூபித்த ஒரு விதி உண்டு. கணினிகளுக்கு இடையில் தொடர்பு அறுந்திருக்கும்போது, எல்லா இடத்திலும் ஒரே உண்மை என்பதை விட வேண்டும், அல்லது கேட்டவுடன் பதில் என்பதை விட வேண்டும். இதை முழு அமைப்புக்கும் ஒரே முடிவாக எடுக்க வேண்டியதில்லை, வேலைக்கு வேலை மாறலாம். எடை போடும் டிம்பாங் மேடையில் லோரி நிற்கிறது, தலைமையகத்துக்கு லைன் இல்லை. எடை போடுவதை நிறுத்த முடியுமா? வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும், தாமதமானால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் டிம்பாங் கணினி தனியாகவே எடை எழுதி, சீட்டு அச்சடித்து, லைன் வந்தபின் அனுப்ப வேண்டும். சம்பளம் வேறு. எல்லாத் தோட்டத்துக் கணக்கும் வந்து சேராமல் சம்பளம் போடக் கூடாது, அது காத்திருக்கலாம்.

தரவைப் பல கணினிகளில் பிரிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு இது இப்போது தேவையில்லை. தேதிவாரியாகப் பிரித்தால் இன்றைய எழுத்தெல்லாம் ஒரே கணினியில் விழும், மற்றவை சும்மா இருக்கும். தோட்டவாரியாகப் பிரித்தால் பெரிய தோட்டம் இருக்கும் கணினி திணறும். ஒரே கணினிக்குள் மாதவாரியாகப் பிரித்து வைப்பது மட்டும் இப்போதே செய்யலாம். பழைய மாதங்களைத் தொடாமல் இருக்க அது உதவும்.

அடையாளம் பற்றிக் கவனமாக இருங்கள். ஆட்களைப் பெயரால் தேடாதீர்கள், நம் தோட்டங்களில் ஒரே பெயரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பாஸ்போர்ட் எண்ணையும் முதன்மைச் சாவியாக வைக்காதீர்கள், புதுப்பிக்கும்போது எண் மாறலாம், பழைய மூன்று வருட உழைப்பு வேறொருவருடையது மாதிரி ஆகிவிடும். ஆளுக்கு நீங்களே ஒரு எண் கொடுங்கள், அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் அந்த எண்ணின் கீழ் தேதியோடு சேரட்டும். பிளாக்குகளும் அப்படித்தான். நட்ட வருடத்தை வைத்துப் பெயரிடும் தோட்டங்களில், 25 வருடம் கழித்து மறுநடவு செய்ததும் அதே நிலத்துக்கு வேறு பெயர் வந்துவிடும். நிலத்துக்கு ஒரு மாறாத எண், பெயருக்கு "எதிலிருந்து எதுவரை" என்று தேதி. இல்லாவிட்டால் பத்து வருட விளைச்சலை ஒப்பிடும் நாளில் பாதி நிலம் காணாமல் போன மாதிரித் தெரியும்.

இந்த வரிசையில் போங்கள்: படங்களை வெளியே எடுப்பது ஒரு வாரம். இன்டெக்ஸும் இரவு நகலும் இரண்டு மூன்று வாரம், அதிலேயே 40 நிமிடம் போய்விடும், மேலிடமும் உங்களை நம்பும். அப்புறம் சீட்டு எண், இரண்டு நேரம், திருத்தப் பதிவேடு. இதற்குக் கருவிகளின் மென்பொருளையும் மாற்ற வேண்டியிருக்கும், ஆறு மாதம் கேளுங்கள். மண்டோர்களை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள், எந்தச் சீட்டு எப்போது தாமதமாகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் காப்புப் படியை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். போன மாதத்தில் ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒரு மேடையை எடுத்து, மண்டோரின் நோட்டில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் எந்தச் சீட்டு, எவ்வளவு வித்தியாசம் என்று எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.